பொய்தான் என்று சொன்னது நான்

ஜனவரி 6, 2025

பொங்கல் தையல் கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. காலையில் மெஷின் பெல்ட் அறுந்தது, மத்தியானம் கரண்ட் போனது. "நாளைக்குத் தந்திருவியளா அக்கா" என்று கேட்ட எல்லாருக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி வைத்திருக்கிறேன். யோசிக்கும் முன்னால் பதில் சொல்லிவிடுகிற இந்த வாயை என்ன செய்ய?

பசுவந்தனைப் பக்கத்திலிருந்து மாரித்தாய் தன் மகள் செல்வியைக் கூட்டி வந்தாள். முழுப் பேர் சுடலைச்செல்வி. இங்கே கோவில்பட்டியில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் போடுகிறாள். மாசியில் கல்யாணம், மாப்பிள்ளைக்கு விளாத்திகுளத்தில் வத்தல் வியாபாரம். கல்யாண ப்ளவுஸ், அரக்குப் பட்டு, மாம்பழக் கரை. அளவெடுக்கும்போது கூச்சத்தில் சிரித்துக்கொண்டே நின்றாள். "ஏட்டி, ஆடாம நில்லு, கை நாளைக்குக் கோணலா வந்தா என்னையத்தான் ஏசுவாவ" என்றேன். மாரித்தாய் இதற்காகத் தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு போட்டு வந்திருக்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு மாதிரியாம், கையைக் கொஞ்சம் இறக்கமாக வைக்கச் சொன்னாள். வைத்துவிடலாம்.

ஜனவரி 12

கை ஓயவில்லை. முஹ்சினா காலேஜ் விட்டு வந்து கொக்கி கட்டித் தந்தாள். மகளைப் பெற்றதில் அது ஒரு லாபம்.

ஜனவரி 18

மாரித்தாய் திரும்ப வந்தாள். பின்னால் செல்வி, துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டு. கடையில் இருந்தவர்களை அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

யாரோ ஒரு பையன் ஸ்கேன் சென்டர் வாட்ச்மேனுக்கு ஒரு வீடியோவை அனுப்பியிருக்கிறான். காசு கட்டி ஆபாசப் படம் பார்க்கிற ஏதோ ஒரு வெளிநாட்டுத் தளத்திலிருந்து எடுத்ததாம். 'கோவில்பட்டி ஸ்கேன் சென்டர் பொண்ணு' என்று மேலே எழுதியிருக்கிறதாம். பேர் இல்லை. ஊர் இருக்கிறது, வேலை இருக்கிறது. பின்னே என்ன பாக்கி?

"எம்மவ மாதிரியே இருக்காம்க்கா. மாதிரியே." மாரித்தாய் அந்த ஒரு வார்த்தையையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். செல்வி மெஷின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அந்தக் கண்றாவியைப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன்.

என்னிடம் ஏன் வந்தார்கள் என்றால் நான் எங்கள் மகளிர் மன்றத்தின் செயலாளர். சாராயக் கடையை மாற்ற வைத்தோம். போன வருஷம், மெமரி கார்டில் இந்த அசிங்கத்தை ஏற்றி விற்றுக்கொண்டிருந்த செல்போன் கடைக்காரனை நடுரோட்டில் நிறுத்தி நாலு கேள்வி கேட்டோம். அந்தத் தைரியம் என் பேரோடு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு நான் எவ்வளவு பயந்தேன் என்று மாரித்தாய்க்குத் தெரியாது.

ஜனவரி 20

தூத்துக்குடி போய் சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுத்தாயிற்று. அங்கே இருந்த பெண் அதிகாரி சின்ன வயசுதான். செல்வியை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினார். பிறகு கேட்டார்: "இது நீங்கதானாம்மா? இல்ல உங்க முகத்தை வச்சுப் பண்ணினதா? ரெண்டுக்கும் விசாரணை வேற வேற. அதான் கேக்கேன்."

செல்வி குனிந்தாள். மாரித்தாய் மடியில் இருந்த பையை இறுக்கிக் கசக்கினாள். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

"பொய்தான் மேடம். இந்தக் காலத்துல எவன் மூஞ்சியையும் எதுலயும் ஒட்டுதாம்லா" என்று சொல்லிவிட்டேன்.

மாரித்தாய் அப்போதுதான் மூச்சு விட்டாள். அதிகாரி செல்வியைப் பார்த்தார். செல்வி மெதுவாகத் தலையாட்டினாள். திரும்பி வரும்போது எட்டயபுரத்தில் இறங்கி டீ குடித்தோம். செல்வி குடிக்கவில்லை, ஆறிப்போய் ஆடை படிந்தது.

ஜனவரி 23

முஹ்சினா போனில் உட்கார்ந்து ஒவ்வொரு இடமாகப் புகார் அனுப்புகிறாள். ஒன்றை எடுத்தால் இன்னொரு இடத்தில் முளைக்கிறதாம். "ம்மா, இவனுங்க கடை மாதிரி ஊர் வாரியா அடுக்கி வச்சிருக்கானுங்க. சாத்தூருக்கு ஒண்ணு, தென்காசிக்கு ஒண்ணு" என்றாள். நம்ம ஊர்ப் பேரைப் போட்டால்தான் நம்ம ஊர்க்காரன் காசு கட்டிப் பார்க்கிறானாம். தெரிந்த முகமாக இருக்க வேண்டுமாம் நாய்களுக்கு.

வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்தபடியே, "நம்ம வீட்லயும் ஒரு பொம்பளப்பிள்ள இருக்கு நூரு" என்றார். "அதுக்குத்தான் செய்யுதேன்" என்றேன்.

ஜனவரி 27

மன்றக் கூட்டம். கல்யாணசுந்தரி டீச்சர் தலைமை. ரிட்டயர் ஆகியும் அவர் குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிறது. "நம்ம ஊர்ப் பிள்ளையப் பத்திப் பொய்யா ஒரு வீடியோ போட்டு ஒருத்தன் காசு பாக்கான். இன்னைக்கு அவ, நாளைக்கு உன் மக!" என்றார். கை தட்டினோம். இந்தத் தளங்களை முடக்கச் சொல்லி கலெக்டருக்கு மனு, வீடு வீடாகக் கையெழுத்து. பிள்ளையின் பேரோ ஊரோ எந்த வாயிலிருந்தும் வரக் கூடாது என்று முடிவு. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வரிசையாக நின்று போட்டார்கள். கைநாட்டு வைத்த ஒரு அக்கா, "பொய்யா ஒரு பிள்ளையச் சொன்னா நாக்கு அழுகிரும்" என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

மாப்பிள்ளை வீட்டிலும் கலங்கவில்லையாம். "பொய்னா நமக்கென்ன, முகூர்த்தம் முகூர்த்தம்தான்" என்றார்களாம். மாரித்தாய் போனில் சொல்லும்போதே அழுதாள், சந்தோஷத்தில்.

எல்லாரும் அந்தப் 'பொய்' மேலேதான் நிற்கிறோம். அது மட்டும் உறுத்துகிறது, ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 2

படுபாவி. படுபாவி! அவனை என்ன சொல்லி ஏச?

செல்வியின் தாய்மாமன் பாண்டியராஜன். காதுகுத்து, சடங்கு, நிச்சயதார்த்தம் — அவளுக்கு எது நடந்தாலும் தாய்மாமன் முறைக்கு போஸ்டர் அடிக்கிறவன் அவன்தான். இதற்கும் அடித்துவிட்டான். காலையில் பால் வாங்கப் போன முஹ்சினா ஓடி வந்து சொன்னாள். போய்ப் பார்த்தால் பஸ் ஸ்டாண்டு சுவர், எட்டயபுரம் ரோடு, ரயில்வே கேட் — எல்லா இடத்திலும் செல்வி. நிச்சயதார்த்தப் பட்டுச் சேலையில், தலை நிறைய பூவோடு, ஆளுயரத்துக்குச் சிரிக்கிறாள். கீழே கொட்டை எழுத்தில்: 'எங்கள் குலவிளக்கின் மீது பொய் வீடியோ பரப்பிய கயவர்களைக் கைது செய்!' மூலையில் அவன் கும்பிட்டபடி. 'இவண், தாய்மாமன்.'

பேரைக்கூட எழுதாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தோமே அல்லா!

வாளியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு மன்றத்துப் பெண்கள் கிளம்பினோம். புது மைதாப் பசை, லேசில் வரவில்லை. நெற்றி வந்தால் வாய் நிற்கிறது, வாய் வந்தால் கண் நிற்கிறது. ஆடுகள் பசைக்கு ஆசைப்பட்டு எட்டின வரைக்கும் கிழித்துத் தின்றன. இன்றைக்கு இந்த ஊரில் உருப்படியாக உதவி செய்தது அவைதான். டீக்கடையில் நின்ற பையன்கள் நாங்கள் சுரண்டுவதைப் பார்த்தார்கள், போஸ்டரைப் பார்த்தார்கள், பிறகு போனைப் பார்த்தார்கள். அவர்கள் எதைத் தேடினார்கள் என்று எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 3

பாண்டியராஜனைக் கடைக்கு வரவழைத்தேன். ஏசத்தான் கூப்பிட்டேன். அவன் முகத்தைப் பார்த்ததும் பாதிக் கோபம் போய்விட்டது, அதுவும் எரிச்சல்.

"படம் போடச் சொன்னது யாரு தம்பி?"

"பிரஸ்ல நிச்சயதார்த்த பிளக்ஸுக்குக் குடுத்த படம் கம்ப்யூட்டர்லயே கெடந்துச்சுக்கா. படம் இல்லாம போஸ்டர் அடிச்சா எவன் நின்னு படிப்பான்னு பிரஸ்காரரு கேட்டாரு. எனக்கும் சரின்னு பட்டுச்சு. அக்கா மவளுக்கு ஒண்ணுன்னா தாய்மாமன் சும்மா இருந்தான்னு ஊரு சொல்லக்கூடாதுல்லா?"

நல்ல மனசுதான். அந்த நல்ல மனசைக் கொண்டுபோய் எந்தக் குப்பையில் கொட்ட? இப்போது அந்த வீடியோவுக்கு மேலே அவள் பேரே வந்துவிட்டது என்று முஹ்சினா சொல்கிறாள். ஸ்கேன் சென்டரில் செல்வியை 'கொஞ்ச நாள் வர வேண்டாம்' என்றுவிட்டார்கள்.

பிப்ரவரி 7

செல்வி மட்டும் வந்தாள். ப்ளவுஸைப் போட்டுப் பார்க்க. தோளில் துணி தொங்கியது, அவ்வளவு இளைத்திருக்கிறாள். இரண்டு பக்கமும் பிடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அக்கா, அது பொய்யில்ல. நாந்தான்."

ஊசி என் விரலில் ஏறிவிட்டது.

காலேஜில் படிக்கும்போது ஒருத்தனாம். இரண்டு வருஷப் பழக்கம், கட்டிக்கிறேன் என்றானாம். அவன் பேரை இங்கே எழுத எனக்குக் கை கூசுகிறது. "போன்ல எடுத்தது எனக்குத் தெரியும்க்கா. அழிச்சிருவேன்னான். நம்பிட்டேன்." பிறகு துபாய் போனான், பேச்சு நின்றது.

எனக்குக் கோபம் வந்தது. உள்ளதை எழுத வேண்டுமே — வந்தது அவன் மேல் இல்லை, இவள் மேல். "ஏட்டி, பின்ன ஏன் அன்னைக்கு அந்த மேடம்ட்ட சொல்லல? ஊரு பூரா பொய்யின்னு சத்தியம் பண்ணிட்டுத் திரியுதோம்!"

"நீங்கதானக்கா முந்திச் சொன்னீங்க. நீங்க பொய்யின்னதும் எங்க அம்மா மூச்சு விட்டா. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல."

அப்புறம் ரொம்ப மெதுவாகக் கேட்டாள். "நெசம்னா நீங்க வந்திருக்க மாட்டீங்களாக்கா?"

வந்திருப்பேன் என்றுதான் சொன்னேன். எப்போதும் போல உடனே சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 8

வந்திருப்பேனா?

பிப்ரவரி 11

துபாயிலிருந்து அந்த எடுபட்ட பயல் செல்விக்கு அனுப்பியிருக்கிறான்: 'பொய்யின்னு போஸ்டர் அடிச்சிருக்கியாமே. இன்னும் ரெண்டு இருக்கு என்கிட்ட.' சிரிக்கிற பொம்மை வேறு போட்டிருக்கிறான்.

செல்வி கேட்டுக்கொண்டதால் அந்த அதிகாரிக்குப் போன் போட்டு, பேர் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். முகத்தை ஒட்டிச் செய்த வேலை என்றால் எவன் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், எப்போது என்று சொல்ல முடியாது. உண்மையான படம் என்றால் எடுத்தவன் பேரைச் சொன்னால் போதும். பரப்பினதற்கும் மிரட்டினதற்கும் அவன் மேல் வழக்கு. எடுக்கச் சம்மதித்திருந்தாலும் வெளியே விட அவனுக்கு உரிமை இல்லை என்றார். கடைசியில், "நீங்க அன்னைக்கு வந்த தையல்கார அக்காதான? அந்தப் பிள்ளைய எப்ப வேணும்னாலும் வரச் சொல்லுங்க" என்றார்.

பொய்யைப் பிடித்துக்கொண்டால் கல்யாணம் நடக்கும், ஊர் கூட நிற்கும், அவன் துபாயில் சிரித்துக்கொண்டிருப்பான். உண்மையைச் சொன்னால் அவன் மாட்டுவான். மற்ற எல்லாமே போகும். செல்வியிடம் இரண்டையும் சொன்னேன். எது என்று நான் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த வயசில் தெரிகிறது.

பிப்ரவரி 13

செல்வி முடிவு செய்துவிட்டாள். "அவன் ஒவ்வொண்ணா விடுவான், நான் ஒவ்வொரு தடவையும் பொய்யின்னு சொல்லணுமாக்கா?" என்றாள். மன்றத்தில் என்னைச் சொல்லச் சொன்னதும் அவள்தான்.

சொன்னேன்.

கல்யாணசுந்தரி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊரு பூரா பொய்யின்னு கையெழுத்து வாங்கியாச்சு. கலெக்டர்ட்டயும் குடுத்தாச்சு. இப்ப நெசம்னா நம்மள எவ நம்பிக் கதவைத் தெறப்பா, நூருன்னிசா?"

"அந்தத் தளத்தை மூடச் சொல்லித்தான டீச்சர் கையெழுத்து வாங்கினோம்? நெசப் படத்தை வித்தா அவன் யோக்கியனா?"

"எனக்குப் புரியுது. இவியளுக்குப் புரிய வைக்க என்னால ஆகாது. இனி மன்றம் இதுல தலையிடாது. நீ தனியாப் போறதுன்னா போ."

டீச்சர் கெட்டவர் இல்லை. களைத்துப்போனவர். அன்றைக்கு மண்ணை வாரித் தூற்றிய அந்த அக்கா என்னைத் தாண்டிப் போகும்போது, "சம்மதிச்சு எடுத்தவளுக்கா நான் கைநாட்டு வச்சேன்" என்றாள். செயலாளராக வைத்திருந்த மன்றச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். நடந்து வரும்போது அழுகையாக வந்தது. அழுதேன். கேட்டால் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம், இந்த ஊரில் தூசிக்கா பஞ்சம்?

பிப்ரவரி 17

தூத்துக்குடி. அதே அறை, அதே நாற்காலி. இந்தத் தடவை அதிகாரி கேட்கும் முன்னாலேயே செல்வி சொன்னாள், அவன் பேர், அப்பா பேர், ஊர். குரல் உடையவில்லை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே இருந்தால் இந்த வாய் சும்மா இருக்காது.

பிப்ரவரி 20

மாப்பிள்ளை வீட்டார் நிச்சயதார்த்தச் சேலையைத் திருப்பிக் கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள்.

மாரித்தாய் கடை வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. "நீங்க கூட்டிட்டுப் போகாம இருந்திருந்தா எம்மவ வாழ்ந்திருப்பா. பொய்யின்னு சொன்னதும் நீங்க, நெசம்னு சொல்ல வச்சதும் நீங்க. உங்களுக்கும் ஒரு மக இருக்கால்லா?" போய்விட்டாள்.

ப்ளவுஸ் கொக்கி வைக்காமல் ஆணியில் தொங்குகிறது.

மார்ச் 11

நோன்பு. பெருநாள் தையல் வழக்கத்தில் பாதிகூட இல்லை. பழைய ஆட்கள் சிலர் எதிர்த்த தெருவுக்கு மாறிவிட்டார்கள். வீட்டுக்காரர் கஞ்சி வாங்கி வந்து கடையிலேயே என்னோடு உட்கார்ந்து நோன்பு திறந்தார். அவருக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஏப்ரல் 3

செல்வி வேலை கேட்டு வந்தாள். வேறு எங்கும் கிடைக்கவில்லை, வீட்டில் அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பொத்தானுக்குக் காஜா எடுக்க, கொக்கி கட்ட வைத்துக்கொண்டேன். பழகுவதற்குப் பழைய துணி ஒன்று தேடினேன். அவள் ஆணியில் தொங்கிய அரக்கு ப்ளவுஸை எடுத்தாள். "இதுலயே பழகுதேன்க்கா." வேண்டாம் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. முதல் கொக்கி கோணல், பிரிக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 19

அந்தப் பெரிய தளத்திலிருந்து முஹ்சினாவுக்குப் பதில் வந்துவிட்டது. எடுத்துவிட்டார்களாம்! பஜ்ஜி வாங்கி மூன்று பேரும் தின்றோம். செல்வி சிரித்ததை ஜனவரிக்குப் பிறகு இன்றைக்குத்தான் பார்த்தேன்.

மே 2

வேறு பேரில், வேறு தளத்தில் திரும்ப வந்துவிட்டது. முஹ்சினா செல்வியிடம் சொல்லாமல் மறைத்தாள். செல்வி அதை முன்னாலேயே பார்த்திருக்கிறாள், எங்களுக்குச் சொல்லாமல் மறைத்திருக்கிறாள்.

ஜூலை 5

தன் அக்கா கல்யாணத்துக்குத் துபாயிலிருந்து வந்த அந்தப் பயலை ஏர்போர்ட்டிலேயே பிடித்தார்கள். சில நாள் உள்ளே இருந்தான். இன்றைக்கு ஜாமீன். அவனை மாலை போட்டுக் கூட்டிப் போனார்களாம், நாசமாப் போறவனுக. ஆனால் அவன் போன் போலீஸில் இருக்கிறது. அந்த 'இன்னும் ரெண்டு' வெளியே வரவில்லை. இப்போதைக்கு அதைத்தான் வெற்றி என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வழக்கு எத்தனை வருஷம் போகுமோ.

ஆகஸ்ட் 24

டீச்சரைச் சந்தையில் பார்த்தேன். "அந்தப் பிள்ள நல்லா இருக்காளா?" என்று கேட்டார். தையல் பழகுகிறாள் என்றேன். ஏதோ சொல்ல வந்து, கத்தரிக்காய் விலையைப் பேசிவிட்டுப் போனார்.

நவம்பர் 8

மழை. கரிசல் மண் செருப்பை விடமாட்டேன் என்கிறது, கடை வாசல் முழுக்கச் சேறு. செல்வி ஒரு பை பாசிப்பயறு கொண்டுவந்தாள், மாரித்தாய் கொடுத்துவிட்டதாம். "ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டேன். இல்லையாம். பையை மட்டும் கொடுத்தாளாம். உள்ளே எடுத்து வைத்தேன்.

மத்தியானம் ஒரு பெண் வந்தாள். அளவு ப்ளவுஸ் இல்லை, துணி இல்லை. இடுப்பில் குழந்தை. யார் சொல்லி வந்தாளோ. என்னைப் பார்த்தாள், கடையைப் பார்த்தாள், உட்காரவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. நான் எழுந்திருக்கும் முன்னால் செல்வி கொக்கியைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

அந்தப் பெண் நின்றபடியே ஆரம்பித்தாள். "எம் புருசன்தான் அக்கா... இல்ல, அது நானில்ல, சத்தியமா நானில்ல, பொய்யா எவனோ—"

"அதை நாங்க கேக்க மாட்டோம்க்கா," என்றாள் செல்வி. குழந்தையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "மொதல்ல உக்காருங்க. சாப்ட்டீங்களா?"

அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் தண்ணீர் எடுத்து வரப் போனேன்.